கறுப்பு மண்ணில் போட்ட முளைப்பாரி

அன்றைக்கு முளைப்பாரி அறைக்குள் இருந்தவர்கள் யார் யார் என்று இப்போதும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். சட்டிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பிலிருந்த அக்கா. அவளுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த அவள் மருமகள். எங்கள் சந்திலிருந்து சட்டி வைத்திருந்த மூன்று பெண்கள். டோம்பிவிலியிலிருந்து கூட்ட ரயிலில் நின்றபடியே வந்து சேர்ந்திருந்த என் சம்பந்தியம்மா. அப்புறம் நான். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் என் வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில், குடை பிடித்தபடி நின்றார். இருந்திருக்க வேண்டிய ஒருத்தி இல்லை, என் மகள். அவளுக்கு ஐந்தாம் மாதம். ஆடி மழையில் தாராவிச் சந்துகளில் வழுக்கி விழுந்து வைத்தால் என்ன செய்வது என்று சம்பந்தியம்மா அவளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

அக்கா ஈரச் சாக்குகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். ஓரத்தில் இருந்த இரண்டு சட்டிகளில் மட்டும் பயிர் ஒரு சாண் உயரத்துக்கு, இருட்டில் வளர்ந்த பயிருக்கே உரிய வெளிறிய நிறத்தில், நெருக்கியடித்து நின்றது. மற்றவற்றில் ஒன்றுமில்லை. ஊறிப் பெருத்த தானியம் போட்டது போட்டபடியே கிடந்தது. சிலதில் ஒரு வேர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நுனி கருகி நின்றுவிட்டது. மண்ணுக்கு மேலே, மாவுப் பாத்திரத்தின் ஓரம் காய்ந்தால் இருக்குமே, அதுபோல ஒரு வெள்ளைப் படலம்.

 சம்பந்தியம்மாதான் முதலில் கேட்டார்.

"மைனி, நம்ம பிள்ளைக்குப் போட்ட சட்டி எது?"

நான் கையைக் காட்டினேன். முளைக்காத சட்டிகளில் அதுவும் ஒன்று. அவர் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். 

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முளைப்பாரி என்றால் திருவிழாவில் பெண்கள் தலையில் வைத்துப் போகும் சட்டி, அவ்வளவுதான் தெரியும். அதனால் சொல்லிவிடுகிறேன். அம்மனுக்குக் காப்புக் கட்டியதும் மண்ணும் காய்ந்த சாணமும் கலந்து சட்டியில் நிரப்பி, நவதானியம் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைப்பார்கள். எந்த வீட்டுக்காக எந்தக் காரியம் நினைத்துப் போட்டார்களோ, பயிர் எழும்புவது போல அந்தக் காரியமும் எழும்பும் என்று நம்பிக்கை. எழும்பாவிட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். நான் என் சட்டியை மகளின் பிரசவத்தை நினைத்துப் போட்டிருந்தேன்.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். கேஸை அணைத்துவிட்டுச் சந்து முனை வரை போய், திரும்பி வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அம்மா படுத்துவிட்டதால் காலா என்று சொல்லும் தையல் பட்டறையில் நூல் வெட்டும் வேலைக்குப் போய்விட்டேன். படித்திருந்தால் இந்தப் பயமெல்லாம் இருக்காதோ என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. நான் சமையல் செய்யப் போகும் மாட்டுங்கா வீட்டு மாமி எம்.ஏ. படித்தவர். அவரும் கேஸை இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறார்.

ஆனால் அன்றைய பயம் வேறு. தலைப்பிரசவம் தாய் வீட்டில். அது எங்கள் பக்கத்து முறை. வளைகாப்புப் போட்டு, மகளைக் கூட்டி வந்து, பிள்ளை பெற்று, மூன்று மாதம் வைத்திருந்து அனுப்ப வேண்டும். கல்யாணம் ஆன நாள் முதல் நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். அந்தச் சட்டியைப் பார்த்த கண்ணோடு சம்பந்தியம்மா ரயிலேறிப் போகிறார், இனி என் மகளை என் வீட்டுக்கு அனுப்புவாரா என்பதுதான் என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

மண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் முளைப்பாரிக்குக் குளத்து மண் எடுப்பார்கள். மும்பையில் குளத்துக்கு எங்கே போவது? வருடா வருடம் செடி விற்கும் கடையில் மூட்டை மண் வாங்குவோம். போன வருடம் மழைக்கு முன்னால் எங்கள் சந்தின் நாலாவை, சாக்கடைக் கால்வாயை, ஆழப்படுத்தத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைச் சந்து ஓரம் குவித்து வைத்திருந்தார்கள். கன்னங்கரேலென்று, ஈரமாக, பிடித்தால் பிடியில் நிற்கும் மண். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. மண் கறுப்பாக இருந்தால் அது வண்டல், போட்டது விளையும். கடையில் விற்கும் செம்மண்ணைப் பார்த்து நாங்கள் எப்போதும் கொஞ்சம் இளப்பமாகத்தான் பேசுவோம். அந்தக் குவியலைப் பார்த்ததும் அக்காவே முதலில் ஒரு கூடை அள்ளினாள். இவ்வளவு வருஷமாகக் காலடியிலேயே தங்கம் கிடந்திருக்கிறது, காசு கொடுத்துச் செம்மண் வாங்கியிருக்கிறோமே என்று சிரித்தபடி நாங்களும் அள்ளினோம். புதிதாக வந்த அடுக்குமாடியில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும், கீழே இறங்கி வந்து மண் சுமக்கச் சோம்பல்பட்டு, துளசித் தொட்டிக்கு வாங்கி மீந்திருந்த கடை மண்ணைப் போட்டார்கள்.

முளைத்தது அந்த இரண்டு சட்டிதான்.

சம்பந்தியம்மாவை ரயிலேற்றிவிட்டு வந்ததும் என் வீட்டுக்காரர் நேரே அந்தக் குவியலுக்குப் போனார். மழை கரைத்தது போக மிச்சமிருந்ததில் ஒரு கை அள்ளி, உருட்டி, மோந்து பார்த்தார். பிறகு கையைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார்.  வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

"சாமி குத்தமும் இல்ல, உன் மக சாதகமும் இல்ல. இது எங்க அப்பா கொட்டுனதுட்டி."

எங்கள் வீடு இருக்கும் இடம் முன்பு தோல் பதனிடும் கொட்டகை. டேனரி என்றுதான் சொல்வோம். என் மாமனார் திருநெல்வேலியிலிருந்து வந்து அதில்தான் ஆயுசு முழுக்க வேலை பார்த்தார். பச்சைத் தோலுக்கு உப்பு அடிப்பது, சுண்ணாம்புக் குழியில் போடுவது, பிறகு நீல மருந்து கலந்த தண்ணீரில் ஊற வைப்பது. ஊறி முடிந்த தண்ணீரைக் கொட்டகைக்குப் பின்னால், இப்போது நாலா ஓடும் பக்கம் கொட்டுவார்கள். அங்கே கொட்டாதே என்று சொல்ல அப்போது யாரும் இல்லை, சொல்லியிருந்தாலும் வேறு இடம் இல்லை. என் வீட்டுக்காரர் பையனாக இருக்கும்போது தகப்பனுக்குச் சோறு கொண்டு போவாராம். வாசலில் நின்று கூப்பிட்டால் மாமனார் நீலக் காலோடு வெளியே வருவாராம். கால் முட்டு வரை நீலம். கிருஷ்ணர் வேஷம் என்று கொட்டகைக்காரர்களே கிண்டல் பண்ணுவார்களாம்.

பிறகு டேனரிகளை ஊருக்குள் வைத்திருக்கக்கூடாது என்று ஆகி, முதலாளி தேவ்நார் பக்கம் போய்விட்டார். போகும்போது வேலையாட்களுக்குத் தர வேண்டிய கணக்கைப் பணமாகத் தரவில்லை. கொட்டகையைத் துண்டு துண்டாகத் தடுத்து ஆளுக்கு ஓர் அறை கொடுத்தார். அப்படி வந்ததுதான் எங்கள் வீடு. மாமனாரின் முப்பது வருட உழைப்புக்குக் கூலி அது. நான் கல்யாணமாகி வந்தபோது ஒரே ஒரு குறைதான் இருந்தது. மழைக்காலத்தில் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூக்கும். தரைச் சிமெண்டு பொருபொருவென்று உதிரும். எத்தனை தடவை பூசினாலும் அடுத்த மழைக்கு மறுபடியும் பூக்கும். கடற்கரை ஊரில் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவேன். என் மகள் அந்தத் தரையில்தான் தவழ்ந்தாள். விரலால் வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். உப்பாக இருக்கிறது என்று முகத்தைச் சுளிப்பாள். நாங்கள் சிரித்திருக்கிறோம்.

வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஒரு பெரிய மூச்சு வந்தது. சகுனம் இல்லை, மண்தான் என்றால் சொல்லிப் புரிய வைத்துவிடலாமே. அக்காவிடம் போய்ச் சொன்னேன்.  அன்று இரவே கடை மண் வாங்கி வரச் சொல்லி, பழைய சட்டிகளைக் கொட்டிக் கழுவி, புதிதாகத் தானியம் தூவினாள். திருவிழா அன்று எங்கள் சட்டிகளில் பயிர் நாலு விரல் உயரம்தான் இருந்தது. அடுக்குமாடிக்காரர்களின் பயிர் முழங்கை நீளத்துக்கு வளைந்து ஆடியது. ஊர்வலத்தில் எங்களைப் பார்த்து, என்ன அக்கா, போலீஸ் கிராப்பு வெட்டிக் கூட்டிட்டு வந்துட்டியளா என்று சின்னப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முளைத்ததே, அது போதும் என்று எனக்கு இருந்தது.

சட்டியின் படத்தை மகளின் போனுக்கு அனுப்பி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் டோம்பிவிலிக்குப் போனோம். சம்பந்தியம்மா வடையும் டீயும் கொடுத்தார். வீட்டுக்காரர் மண் கதையை, டேனரி, நீலத் தண்ணீர், உப்பு என்று முதலிலிருந்து சொன்னார். பெருமையாகவே சொன்னார். சகுனத்தை உடைத்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவருக்கு. சம்பந்தியம்மா டீயைக் குடித்தபடி கேட்டார். எல்லாம் முடிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, சாமி குத்தம்னா ஒரு பொங்கல வச்சு சரி பண்ணிரலாம். நவதானியமே முளைக்காத மண்ணு மேல என் பேரப்பிள்ளைய எப்படிக் கொண்டு போட?"

 என் மகள் சமையலறை வாசலில் நின்றாள். அம்மா வீட்டுக்கு எதிராகவும் பேச முடியாது, மாமியார் சொன்னதில் தப்பும் இல்லை. கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிரசவத்தை டோம்பிவிலியிலேயே வைத்துக்கொள்ளலாம், நான் வேண்டுமானால் வந்து தங்கிக்கொள்ளலாம் என்று சம்பந்தியம்மா தன்மையாகத்தான் சொன்னார். அவருடைய வீடும் ஒரே படுக்கையறை வீடு. நான் எங்கே தங்குவது? தங்கினாலும் அது சம்பந்தி வீட்டில் விருந்தாளியாக இருப்பது. மகள் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வெந்நீர் போடக்கூட ஒருவரைக் கேட்க வேண்டும்.

திரும்பி வரும்போது ரயிலில் வீட்டுக்காரர், பெரிசா லா பாயிண்டு பேசுதா, அவ வீடு மட்டும் என்ன அரண்மனையா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.  சம்பந்தியம்மா கேட்ட கேள்வியை நான் என்றைக்கோ என்னையே கேட்டிருக்க வேண்டும். ஆயுள் முழுக்க, கேஸ், பூட்டு, போன் வராத ராத்திரி என்று ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயந்து தொலைத்தவள், காலுக்குக் கீழே இருந்ததற்கு ஒரு நாளும் பயப்படவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று ராத்திரி நான் தூங்கினேன். பயத்துக்கு ஒரு இடம் தெரிந்துவிட்டால், போய்ப் பார்க்க ஒரு வேலை வந்துவிடுகிறது.

மறுநாள் மாட்டுங்காவில் மாமியிடம் சொன்னேன். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா காதில் அது விழுந்தது. அவர் செம்பூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை பார்த்த காலம் முழுக்க அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். காற்று திரும்பினால் கண் எரியுமாம், ஜன்னலை அடைத்துவிட்டுச் சாப்பிடுவார்களாம். அந்த வாசனை வந்தால்தான் சம்பளம் வரும் என்று அர்த்தம், அதனால் யாரும் புகார் சொல்ல மாட்டோம் என்பார். இப்போது அவருக்கு வாசனையே தெரியாது. ரசம் தீய்ந்தாலும் தெரியாது, பூ வைத்தாலும் தெரியாது.

தோண்டி எடுத்து வெளியே கொட்டிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வதாகச் சொன்னேன். மாமா பேப்பரை மடித்தார்.

"கிளறப்படாது. கிளறினா தூசியாப் பறந்து மூக்குக்குள்ள போகும். எடுத்து எங்க கொட்டுவே? தேவ்நார் குப்பைமேட்டுல கொண்டு கொட்டினா அங்க மட்டும் கொழந்தைகள் இல்லியா? இருக்கற எடத்துலயே இருக்கட்டும். மேல கெட்டியா மூடிடு."

அவர்கள் தொழிற்சாலையில் பழைய யார்டு ஒன்றை அப்படித்தான் மூடினார்களாம். ஜல்லி, அதற்கு மேல் தடிமனான பிளாஸ்டிக் ஷீட், அதற்கு மேல் காங்கிரீட். ஷீட்டைச் சுவரில் கொஞ்சம் ஏற்றி மடிக்க வேண்டும், இல்லையென்றால் உப்பு ஓரத்தில் ஏறிவிடும் என்று பேப்பர் ஓரத்திலேயே படம் போட்டுக் காட்டினார். மாமி அடுக்களையிலிருந்து, இவர் சொல்றதை ஒரு மிஸ்திரிகிட்டயும் கேட்டுக்கோ, இவர் மூக்கு செம்பூர்லயே போயாச்சு, மூளை எவ்வளவு மிச்சம்னு எனக்கே தெரியாது என்றார். மாமா சிரித்தார். சிரித்துவிட்டு ரொம்ப நேரம் இருமினார்.

எங்கள் சந்தில் கொத்து வேலை செய்யும் மிஸ்திரி பீகார்க்காரர். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். கம்பியால் தரையை ஒரு மூலையில் குத்திப் பார்த்தார். சிமெண்டு பிஸ்கட் போல உடைந்தது. கீழே அதே கறுப்பு. மாமா சொன்னது சரி என்றார். இன்னும் ஒன்று சொன்னார். சுவர்ப் பூச்சை இடுப்பு உயரத்துக்குக் கொத்தி எடுத்து, தண்ணீர் ஏறாத பூச்சுப் பூசினால்தான் பிரயோஜனம். மழை நின்று தரை காய்ந்த பிறகுதான் தொடுவேன், ஈரத்தோடு மூடினால் பணம் போச்சு என்றும் சொல்லிவிட்டார். அப்படியானால் ஐப்பசி. வளைகாப்பு கார்த்திகையில். நடுவில் இருக்கும் நாட்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

வீட்டுக்காரருக்கு முதலில் சம்மதமில்லை. சந்துக்காரர்களுக்கும்தான். எங்கள் பகுதியை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு நான் வாழ வந்த நாளிலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் யாராவது வந்து அளந்துகொண்டு போவார்கள். இடிக்கப் போகிற வீட்டுத் தரைக்கு லாதி ஓடு போடுதாளாம், கிறுக்கச்சி என்று எதிர்வீட்டுக்காரர் என் காதுபடவே சொன்னார். வீட்டுக்காரரும் அதையே வேறு மாதிரி சொன்னார். பில்டிங் வரட்டும், அப்ப எல்லாம் புதுசா வருமே என்றார்.

"பில்டிங் வார வரைக்கும் பிள்ளையத் தொட்டில்லயே தொங்க விடவா?"

இதை நான் சத்தம் போடாமல்தான் கேட்டேன்.  அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தவர், ஷீட்டு எந்தக் கடையில நல்லாருக்கும்னு விசாரிச்சுட்டு வந்தேன் என்றார். அவர் தோல் பை கடையில் வேலை பார்ப்பவர். பிளாஸ்டிக், ரெக்ஸின் எல்லாம் விரலால் தேய்த்தே தடிமன் சொல்லிவிடுவார். அந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரையும் தொட விடவில்லை.

பணத்துக்கு மாமியைக் கேட்டேன். கேட்பதற்கு முன்னால் நான்கு நாள் சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் சமைத்தேன். மாமி யோசிக்காமல் நாற்பதாயிரம் எடுத்துக் கொடுத்தார். மாசச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு.

ஐப்பசியில் வேலை தொடங்கியது. சாமான்களை எல்லாம் அம்மன் கோயிலை ஒட்டிய முளைப்பாரி அறையில் வைத்துக்கொள்ள அக்கா சாவி கொடுத்தாள். நாங்கள் ராத்திரி கோயில் முன்னால் படுத்துக்கொண்டோம். மிஸ்திரி பழைய தரையைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் உடைத்தார், தூசி கிளம்பக்கூடாது என்று. உடைத்ததை வெளியே கொண்டு போகாமல் அங்கேயே பரப்பி இடித்துக் கெட்டியாக்கினார். அதற்கு மேல் ஜல்லி. அதற்கு மேல் என் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த கறுப்பு ஷீட். அதை விரிக்கும்போது அவர் மிஸ்திரியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, செருப்பில்லாமல், முழங்கால் போட்டு, மடிப்பு இல்லாமல் கையால் தேய்த்து விரித்தார். ஒரு மூலையில் வந்ததும் நிறுத்தினார். இங்கதான் அப்பா நிப்பாவ, இதுக்கு நேரே நீலத் தொட்டி என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மிஸ்திரிக்குத் தமிழ் தெரியாது. நான் வாசலில் நின்றிருந்தேன். அப்புறம் அந்த மூலையையும் மற்ற மூலைகளைப் போலவே மடித்துச் சுவரில் ஏற்றினார்.

தரை ஒரு அடி உயர்ந்துவிட்டது. கட்டில் மேல் நின்றால் சீலிங் ஃபேன் தலையைச் சீவிவிடும். வீட்டுக்காரர் பரணில் கை வைக்க இப்போது ஸ்டூல் வேண்டாம். இன்னொரு நல்லதும் நடந்தது. வாசல்படி உயர்ந்ததால் நாலா நிறைந்தாலும் தண்ணீர் உள்ளே வராது. அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரரே மிஸ்திரியிடம் ரேட்டு கேட்டார். கிறுக்கச்சி என்று சொன்ன அதே வாய்தான். அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு வீடு. எல்லோரும் என்னிடம் வந்து ஷீட்டை எவ்வளவு மடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நான் மாமா போட்ட படத்தைக் காட்டினேன். அதைப் பார்த்துப் பார்த்து, பேப்பர் ஓரம் கிழிந்தே போயிற்று.

காங்கிரீட்டும் லாதியும் போட்டு, சுவர்ப் பூச்சும் முடிந்து காய்ந்த பிறகு சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டோம். வந்து பாருங்க, பிடிக்காட்டா டோம்பிவிலியிலயே வச்சுக்கிடலாம் என்று நானே போனில் சொன்னேன். சொல்லிவிட்டு, ஏன் அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னோம் என்று இரண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டேன்.

அவர் மட்டும்தான் வந்தார். மத்தியான நேரம். செருப்பை வெளியே விட்டு, உயர்ந்த படியைப் பார்த்து ஏறினார். சுவர் ஓரத்தில் குனிந்து விரலால் தேய்த்து, விரலை மோந்து பார்த்தார். உப்பு இல்லை. தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை லாதி மேல் வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார். நான் வெண்டைக்காய் நறுக்குவது போல உட்கார்ந்துகொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டிலும் போட்டுட்டாவளா என்று கேட்டார். ஆமா என்றேன். அப்பவும் அடுத்த மழைக்குப் பாத்துத்தான் சொல்லணும் என்றார். ஆமா மைனி என்றேன். அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் இருந்து ரயிலில் நின்று வந்த காலு என்று சொல்லி, முந்தானையை விரித்து அங்கேயே படுத்தார். நான் சாதம் வடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். குறட்டை வேறு. நான் ஃபேனை ஒரு நம்பர் குறைத்து வைத்தேன். இலை போட்டு ஆறிப்போகும் வரை எழுப்பவில்லை. வேலை விட்டுச் சாப்பிட வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்து, என்னட்டி, பாஸா பெயிலா என்று சைகையில் கேட்டார். நான் பேசாதீர்கள் என்று கையைக் காட்டினேன்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தவர் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது சொன்னார்.

"வளையலு உங்க பக்கம் வாங்குதியளா, நான் வாங்கட்டா?"

கார்த்திகையில் வளைகாப்பு நடந்தது. அன்றே மகளைக் கூட்டி வந்தோம். சந்துக்குள் டாக்சி வராது என்று வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்து நடத்தியே கூட்டி வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் செய்த காரியம், சுவர் ஓரத்தில் உட்கார்ந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்ததுதான். நான் பதறிப்போய் கையைத் தட்டிவிட்டேன். ஒண்ணுமே இல்லம்மா, பீக்கா லக்தா ஹை என்று சிரித்தாள். சப்பென்று இருக்கிறதாம்.

பேத்தி பிறந்து, மூன்று மாதம் முடிந்தும் இன்னும் அனுப்பவில்லை. சம்பந்தியம்மாவே பிள்ளை குப்புற விழுகிற வரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஞாயிறு தோறும் வந்து பார்த்துவிட்டு, தூங்கிவிட்டுப் போகிறார். போன வாரம் பிள்ளை குப்புற விழுந்தது. விழுந்து, தலையைத் தூக்கி, லாதியில் தெரிந்த ஜன்னல் வெளிச்சத்தை நக்கிப் பார்த்தது. தூக்கப் போன கையை நான் பாதியில் நிறுத்தினேன். கந்தலை எடுத்து எச்சிலைத் துடைத்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் விட்டேன்.

இந்த மழை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். தினமும் காலையில் நான்கு சுவர் ஓரத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் மாட்டுங்கா போகிறேன். இதுவரை வெள்ளை எதுவும் இல்லை. மாமிக்கு இன்னும் பாக்கி, இருபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.